பென்சிலால் அடித்த பதினாறு பார்

ஆதிகேசவன் நல்ல மனிதன் என்று ஆஸ்டின் டவுனில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். நானும் சொல்வேன். ஆனால் முப்பது வருஷம் அவன் பக்கத்தில் உட்கார்ந்து ட்ரம்ஸ் அடித்தவன் நான். ஒரு விஷயத்தில் அவன்மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை.

பகலில் தபால் ஆபீஸ் வேலை, சாயங்காலம் ஓட்டல் மேடையில் ஜாஸ். தன்னைவிட உயரமான பேஸைக் கட்டிக்கொண்டு நின்று, தந்திகளை விரலால் சுண்டுவான். அது இல்லாவிட்டால் பாட்டே படுத்துவிடும். இருந்தால் யாரும் கவனிக்க மாட்டார்கள். அதில் அவனுக்கு உள்ளூர ஒரு குமைச்சல் இருந்தது. எங்கள் எட்டு பேருக்கும் யார் எங்கே வாசிக்க வேண்டும், எங்கே வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும் என்று தனித்தனித் தாளில் எழுதித் தருவதும் அவன்தான். அதில் மன்னன். அவன் எழுதினால் எட்டு பேர் இருபது பேராகக் கேட்போம்.

ஒவ்வொரு பாட்டிலும் பதினாறு பார், அதாவது பதினாறு தாள வட்டம், யாராவது ஒருவருக்குக் காலியாக விடுவான். அந்த ஆள் எழுந்து நின்று மனதில் வருவதை வாசிக்கலாம். பெரும்பாலும் அது ஸ்ரீகண்டனுக்குத்தான் போகும். பீன்யா ஃபாக்டரியில் லேத் ஓட்டிவிட்டு, கையில் எண்ணெய் வாடையோடு வந்து சாக்ஸபோனை எடுப்பான். எழுந்தான் என்றால், சாப்பிடுகிறவர்கள் ஸ்பூனைக் கீழே வைத்துவிட்டுக் கைதட்டுவார்கள்.

தொண்ணூற்று நாலு டிசம்பரில் டவுன் ஹாலில் ஒரு கச்சேரி. ஸ்ரீகண்டனின் மனைவி மரகதம் முதல்முறையாக அவன் வாசிப்பதைக் கேட்க ஸ்ரீராம்புரத்திலிருந்து வந்திருந்தாள். புதுப் புடவை, முன்வரிசை. மேடைக்குப் பின்னால் கேசவன் தாள்களைக் கொடுத்தான். ஸ்ரீகண்டனின் தாளில் எல்லாப் பாட்டிலும் அந்தப் பதினாறு பாரைப் பென்சிலால் கோடு போட்டு அடித்திருந்தான். "ஏன்டா?" என்று கேட்டேன். "பாட்டு நீளமா இருக்குடா" என்றான். நானும் வாயை மூடிக்கொண்டேன்.

அன்றைக்கு ஸ்ரீகண்டன் ஒருமுறைகூட எழுந்திருக்கவில்லை. மற்றவர்களோடு சேர்ந்து வாசித்தான், மற்ற நேரம் சாக்ஸபோனை மடியில் வைத்துக்கொண்டிருந்தான். ஷிஃப்ட் மாறிவிட்டது என்று சொல்லி, அடுத்த வாரத்திலிருந்து வரவில்லை. அப்புறம் அவன் எங்குமே வாசிக்கவில்லை.

நேரில் போய் உண்மையான காரணத்தைச் சொல்லிவிடு என்று கேசவனிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பேன். "பாக்கலாம்டா" என்பான். போன மாதம் இதய ஆபரேஷனுக்குத் தேதி குறித்ததும் ஐயாவுக்குப் பயம் வந்துவிட்டது. என்னையும் இழுத்துக்கொண்டு ஸ்ரீராம்புரம் கிளம்பினான்.

ஸ்ரீகண்டன் சந்தோஷமாகத்தான் வரவேற்றான். பல்லெல்லாம் போய்விட்டது. சுவரில் மரகதத்தின் படம், மாலை போட்டிருந்தது. எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. டீ கொடுத்துவிட்டு அவனே ஆரம்பித்தான்.

"கேசவா, ஒண்ணு கேக்கணும்னே இருந்தேன். அன்னிக்கு என் பார்ட்ட அடிச்சியே, என் வாசிப்புல என்னடா குறை? நீ அடிச்சா அதுல ஒரு காரணம் இருக்கும். எங்க தப்பு பண்ணேன்னு யோசிச்சு யோசிச்சு அப்புறம் கருவியத் தொடவே மனசு வரல."

கேசவன் டீ டம்ளரைக் கீழே வைத்தான். எனக்கு அவனை அறைய வேண்டும் போலவும் இருந்தது, பாவமாகவும் இருந்தது.

"குறை ஒண்ணுமில்லடா" என்றான். "உனக்குக் கைதட்டுறது எனக்குப் பொறுக்கல. அவ்ளோதான்."

ஸ்ரீகண்டன் கோபப்படுவான் என்று நினைத்தேன். படவில்லை.

"இந்தத் தை மாசம் வரைக்கும் மரகதம் இருந்தாளே. அப்ப வந்து சொல்லியிருக்கக் கூடாதா?" என்றான். "தனியா எழுந்து நின்னு வாசிப்பேன்னு நான் சொன்னதெல்லாம் பீலான்னு நெனச்சுட்டே போயிட்டாடா."