அரையடி தள்ளி நட்ட வேலி

ஜெர்மனியின் பீலெஃபெல்டில் ஒரு வாடகைத் தோட்டத்துண்டு கிடைக்க நான்கு வருடம் காத்திருந்தோம். போன இலையுதிர்காலத்தில் அதை நானே பறிகொடுக்கப் பார்த்தேன்.

பக்கத்துத் துண்டு ஒரு ஜெர்மன் விதவையுடையது. நடுவிலிருந்த செடிவேலி பட்டுப்போனதால் புதிது நட்டுத் தருவதாகச் சொன்னேன். பழைய கட்டைகளைக் கிளறி எடுத்துவிட்டுக் கயிறு கட்டினேன். யாழ்ப்பாணத்தில் வேலி அடைப்பதைப் பார்த்து வளர்ந்த கை இது. அங்கே புதுப்பிக்கும்போதெல்லாம் வேலி அரையடி அடுத்த வீட்டு வளவுக்குள் போகும். அடுத்த முறை அவர்கள் அதை எங்கள் பக்கம் திருப்பி அரக்கி நகர்த்துவார்கள். சத்தியமாக நான் திட்டமிடவில்லை. கை தன்பாட்டில் கன்றுகளை அரையடி அவர் பக்கம் தள்ளி நட்டுவிட்டது.

கண்டுபிடித்தவள் என் மகள். பள்ளியில் ஓர் ஆங்கிலச் சொல்லின் பிறப்பைப் பற்றிப் பேச வேண்டுமாம், ‘ஹெட்ஜ்ரோ’வை எடுத்திருந்தாள். அதற்குப் படம்பிடிக்க வந்தாள்.

“ஹெட்ஜ் எண்டா வேலி, அம்மா. ஜெர்மன்ல ஹெக்க எண்டுறமே, அதுக்கும் இதுக்கும் ஒரே வேர். ரோ எண்டா வரிசை. ரெண்டும் பழைய ஆங்கிலத்திலேயே சேர்ந்திட்டுது.” கைபேசியைத் தாழ்த்தினாள். “பழைய குழியெல்லாம் இஞ்சால கிடக்கு, புதுக் கண்டெல்லாம் அங்கால நிக்குது. என்ன செய்தனீங்கள்?”

“சும்மா இரடி.”

“சனிக்கிழமை தோட்டச் சங்கத் தலைவர் வாற டெர்மின் எல்லோ? வரைபடத்தோட வந்து அளப்பார். எல்லை தாண்டினது தெரிஞ்சா தோட்டம் போச்சு!”

பிடுங்கி நட்டால் கன்று செத்துவிடும். சனிக்கிழமை வரைக்கும் சோறு இறங்கவில்லை.

தலைவர் அளந்தார், வரைபடத்தைத் திருப்பிப் பார்த்தார், மறுபடி அளந்தார். என் வேலி இன்னும் என் நிலத்துக்குள்ளேதான் அரையடி நின்றது! பழைய வேலி முழுதாக ஓரடி எங்கள் பக்கம் இருந்திருக்கிறது. பக்கத்துத் துண்டு அம்மாவின் முகம் வெட்கத்தில் சிவந்தது. அதை நட்டது காலமான தன் கணவர் என்றார்; கயிறு கட்டும்போது அவர் யாரையும் கிட்ட விடமாட்டாராம்.

அடப்பாவி மனிசா! தோட்டம் தப்பிய நிம்மதி ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை, எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. களவெடுத்தும் அரையடி நட்டம்.

சரியான கோட்டில் புதுக் கன்றுகள் நடலாம் என்றார் தலைவர். அந்த அம்மா தலை நிமிராமல் நின்றார். பார்க்கப் பாவமாக இருந்தது. வேலி இப்படியே இருக்கட்டும் என்றேன்.

மகள் வாயைப் பிளந்தாள். “அம்மா, காணி விட்டுக்குடுக்க உங்களுக்கு ஏலுமோ?”

“ஓமடி. இந்த வேலியும் ஒருநாள் பட்டுப்போகும்தானே.”