ஆறரை மணிப் பூசை

சந்தியாகுவைக் கோயில் வாசலோடு நிறுத்திவிட்டார்கள். திறந்த சவப்பெட்டியில், பதினொரு மணி வெயிலில் கிடந்தார்.

"நேரா கல்லறைக்குக் கொண்டு போங்க. சாமியார் அங்குட்டு வந்து செபம் சொல்லி மந்திரிப்பாக," என்றார் கதவை மறித்துக் கை வைத்து நின்ற கோயில் பங்குப்பேரவைத் தலைவர் மரியதாஸ். "மூணு வருசமா ஞாயித்துக்கிழமைப் பூசையில இவரு மூஞ்சியப் பாத்தவுக யாராச்சும் இருக்கீகளா?"

மகள் அமலி பெட்டியின் தலைமாட்டில் நின்றிருந்தாள். ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள் அவள்.

அப்பா ஓய்வு பெற்ற ஒயர்மேன். ஞாயிறு விடிந்தால் சைக்கிளோடு கிளம்பிவிடுவார். ஒன்பது மணிக்குச் சட்டையில் டெட்டால் வாடையோடு திரும்புவார். கேட்டால், "ஒரு சோலி இருந்துச்சு" என்பார்.

போன வாரம் அமலி கத்தினாள். "இப்பிடியே இருங்க. செத்தாக் கோயிலுக்குள்ள விடமாட்டாக."

"வாசல்ல வச்சாப் போதும்த்தா. காத்தாச்சும் வரும்," என்று சிரித்தார்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு ரெஜினா வந்தாள். படுத்த படுக்கையாகிவிட்ட சேவுகப்பெருமாள் என்ற முதியவரை அவர் வீட்டிலேயே தங்கிப் பார்த்துக்கொள்பவள். பூசை தவறாதவள் என்று திருவிழா மேடையில் மரியதாஸ்தான் அவளுக்குப் பொன்னாடை போர்த்தினார்.

"தலைவரே, நான் ஆறரைப் பூசையில முன்னால உக்காந்திருக்கேன்ல? அந்நேரம் அந்தப் பெரியவருக்குப் பீத்துணி மாத்துனது யாருன்னு கேட்டீகளா?" பெட்டியைக் காட்டினாள். "இவுகதான். 'நீ போயிட்டு வாத்தா, நான் வேற கோயில்ல சாயங்காலப் பூசை பாத்துக்கிறேன்'னாக. நம்பிட்டேன்."

மரியதாஸின் முகம் தளர்ந்தது. கதவிலிருந்து கையை எடுத்து அமலி பக்கம் குனிந்தார். "சாயங்காலம் போனாருன்னு நீ ஒரு வார்த்தை சொல்லு ஆத்தா. உள்ள கொண்டுபோயிரலாம்."

ஒரு வார்த்தை. எல்லோரும் அவள் வாயையே பார்த்தார்கள்.

"போகல," என்றாள் அமலி. "சாயங்காலமெல்லாம் வீட்டுலதான் இருந்தாக."

மரியதாஸ் நிமிர்ந்தார். கை மறுபடி கதவுக்குப் போனது.

அங்கே பெண்கள் பெட்டி தூக்குவதில்லை. அமலி தலைமாட்டுக் கைப்பிடியைப் பிடித்தாள். எதிர்ப்பக்கம் ரெஜினா பிடித்தாள். கால்மாட்டை யாரோ இருவர் தூக்கினார்கள். பெட்டி கதவுக்கு ஒரு முழத் தூரத்தில் போய் நின்றது.

"தள்ளுங்க மாமா," என்றாள் அமலி.

அந்தக் கை இறங்க வெகு நேரம் பிடித்தது.

ரெஜினா வழக்கமாக உட்காரும் இடத்துக்கு நேரே பெட்டியை இறக்கினார்கள். உள்ளே காற்றே இல்லை. அமலி முந்தானையால் அப்பா முகத்துக்கு விசிறத் தொடங்கினாள்.