சொல்லாமல் விட்ட எலிகள்

ஆறாம் ஆண்டோடு பள்ளியை விட்டவன் நான். ஒன்பது வேலை மாறி மூவார் நகரில் ஒரு நாற்காலித் தொழிற்சாலையில் இருந்தேன். ஞாயிறு பிற்பகல்களில் நாங்கள் மூவர் பகடை உருட்டிக் கதை விளையாட்டு ஆடுவோம். கதை சொல்வது நான்; மூர்த்தியும் ரவியும் ஆளுக்கொரு கற்பனை வீரனை அதில் நடத்துவார்கள். புதிய விதிகளில் சாகக் கிடக்கும் வீரனுக்குப் பிழைக்க மூன்று வாய்ப்பு உண்டு. பழைய காலத்து ஆட்டம்போல் பயம் வேண்டுமென்று அதை நீக்கினேன்.

மூர்த்தி ஓராண்டாக வளர்த்த வீரன், குகையில் ஒரு கதவைத் தொட்டான். மூர்த்தி பகடையை உருட்டினான். ஒன்று விழுந்தது; அதைவிட மோசமான எண் இல்லை.

"விஷ ஊசி. செத்துட்டான்" என்றேன்.

"அலமாக், போச்சுலா" என்று ரவி சிரித்தான்.

மூர்த்தி சிரிக்கவில்லை. அவனுடைய வலக்கையில் இரண்டு விரல்களைத் தொழிற்சாலை ரம்பம் எடுத்திருந்தது.

"சாகட்டும்ணே. ஆனா ரம்பங்கூட வெட்றதுக்கு முன்னாடி சத்தம் போடும். நீங்க போடல."

அந்தக் கதவடியில் எலிகள் செத்துக் கிடப்பதாக என் குறிப்பில் இருந்தது. சொன்னால் தப்பித்துவிடுவான் என்று மறைத்திருந்தேன். பழைய ஆட்டத்தின் கொடுமையை எடுத்துக்கொண்டு, முன்கூட்டி எச்சரிக்கும் அதன் நியாயத்தை விட்டுவிட்டேன்.

அடுத்த ஞாயிறு அவன் வரவில்லை. இப்போது செடெனாக் என்ற ஊரில் வேறு ஆட்களோடு ஆடுகிறேன். ஆட்டத்தில் எந்த வீரன் சாகும்போதும், சொல்ல வேண்டியதைச் சொன்னேனா என்றுதான் முதலில் யோசிக்கிறேன்.