தயவுசெய்து ‘ஈஸி’யை அழுத்தாதீர்கள்

கிளினிக் கவுண்டரில் உட்காருகிறவளுக்கு இரண்டு வேலை: வருகிறவர்களின் பெயரைப் பதிவது, “இன்னும் எவ்வளவு நேரம்?” என்று கேட்பவர்களிடம் பொய் சொல்வது. லிட்டில் இந்தியாவில் ஒரு கிளினிக்கில் இந்த இரண்டையும் பார்த்துக்கொண்டே மூன்றாவதாக ஒன்றும் செய்தேன். மருத்துவக் கல்லூரி நுழைவுத் தேர்வுக்குப் போனில் ஆப் வைத்துப் படித்தேன். ஒருமுறை எழுதிக் கோட்டை விட்டாயிற்று. இரண்டாவது முறையும் போச்சென்றால் டாக்டர் ஆசையை மூட்டை கட்டிவிட்டு, அக்கா வேலை செய்யும் இன்ஷூரன்ஸ் ஆபீஸில் சேர்ந்துவிட வேண்டும் என்று அம்மாவோடு ஒப்பந்தம்.

இந்த மாதிரி ஆப்பில் படித்து நொந்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. மற்றவர்கள் கேளுங்கள். கார்டில் ஒரு கேள்வி வரும். பதிலை மனசுக்குள் சொல்லிவிட்டுத் திருப்பிப் பார்க்க வேண்டும். தெரியவில்லையா, ‘அகெய்ன்’. இன்றைக்கே திரும்ப வந்து நிற்கும். தெரிந்தால் ‘குட்’, சில நாள் கழித்து வரும். தண்ணி பட்ட பாடு என்றால் ‘ஈஸி’, மாதக்கணக்கில் தலைகாட்டாது. ஒரு நாள் டிமிக்கி கொடுத்தால், மறுநாள் இரண்டு நாள் கார்டும் சேர்ந்து வந்து கழுத்தைப் பிடிக்கும்.

ரயிலில் ஜெபமாலை

வீடு ஊரின் மேற்குப் பக்கம், புக்கிட் பாத்தோக்கில். காலை ரயிலில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மறு கையில் போனை வைத்துக்கொண்டு போவேன். ஒரு கேள்வியைப் பார்ப்பேன், கண்ணை மூடி முணுமுணுப்பேன், கட்டைவிரலால் அழுத்துவேன், அடுத்தது. இதை எங்கள் கோயில் பாடகர் குழுவில் இருக்கும் ஓர் ஆண்ட்டி தூரத்திலிருந்து பார்த்திருக்கிறார். இப்போதுதான் ஜெபமாலையும் போனில் வந்துவிட்டதே. ஞாயிறு பூசை முடிந்ததும் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, இந்தக் காலத்தில் இப்படி ஒரு பெண்ணா என்று கண் கலங்கியிருக்கிறார்.

வீட்டுக்கு வந்து அம்மா என்னைப் புதிதாகப் பார்த்தார். அது ஜெபமில்லை, சிறுநீரகம் வேலை செய்கிற விதம் என்று உண்மையைச் சொன்னேன். அம்மா குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“இருக்கட்டும், யாருகிட்டயும் சொல்லாத. இப்பதான் உனக்குக் கோயில்ல ஒரு நல்ல பேரு வந்திருக்கு.”

டாக்டர் எழுதிய பரீட்சை

எங்கள் டாக்டருக்கு அறுபது தாண்டிவிட்டது. ஒரு மத்தியானம் கூட்டம் இல்லை. கவுண்டருக்கு வந்தவர், நான் போனோடு மல்லுக்கட்டுவதைப் பார்த்து, கொடு பார்ப்போம் என்று வாங்கிக்கொண்டார். உடம்பு சர்க்கரையை எரிக்கும்போது எந்தப் படியில் எது உண்டாகிறது என்று ஒரு கேள்வி. டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், போட்டார். ஏசி சத்தம் ஜாஸ்தி என்றார். பிறகு விடையைத் திருப்பிக்கூடப் பார்க்காமல் ‘ஈஸி’யை அழுத்திவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்தார்.

நான் பதறிப்போய் அந்தக் கார்டை மீட்டுக்கொண்டிருந்தேன். அவர் தன் அறை வாசலில் நின்று, கொஞ்சமும் வெட்கமில்லாமல் சொன்னார்:

“இதையெல்லாம் மறந்த பிறகுதான் ஸ்டெல்லா, எனக்கு வைத்தியமே நல்லா வந்துச்சு.”

மங்களம் ஆண்ட்டியும் தீபாவளியும்

மங்களம் ஆண்ட்டி புக்கிட் பாஞ்சாங்கிலிருந்து வரும் சர்க்கரை நோயாளி. அவர் வீட்டுப் பக்கத்திலேயே அரசாங்கப் பாலிகிளினிக் இருக்கிறது. ஆனால் அங்கே யாரும் தன்னிடம் பேசுவதில்லையாம். இங்கே நாற்காலி காலியாக இருந்தாலும் உட்கார மாட்டார். கவுண்டரில் முழங்கையை ஊன்றி என்னோடு கதைதான். பார்க்கும்போதெல்லாம் போனில் என்னத்தைத் தேய்க்கிறாய் என்று ஒரு நாள் கேட்டார். தெரிந்தது தள்ளிப்போகும், தெரியாதது உடனே திரும்பி வரும் என்று சொன்னேன். ஆண்ட்டி தன் அப்பாயிண்ட்மெண்ட் கார்டை எடுத்துத் தேதிகளை ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினார். சர்க்கரை ஒழுங்காக இருந்தபோதெல்லாம் மூன்று மாத இடைவெளி. முறுக்கு, அதிரசம், மைசூர்பாகு என்று விளையாடிய போதெல்லாம் அடுத்த வாரமே.

“உங்க டாக்டர் என்னையும் அதுலதான்லா போட்டு வச்சிருக்காரு. தீபாவளி முடிஞ்சா எனக்கு எப்பவும் அகெய்ன்தான்.”

அம்மா செய்த உதவி

பரீட்சைக்கு ஒரு மாதம்கூட இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டுவிட்டு அசந்து தூங்கிவிட்டேன். எழுந்து பார்த்தால், அன்றைக்குப் பார்க்க வேண்டிய முந்நூற்றுச் சொச்சம் கார்டும் காணோம். ‘வாழ்த்துகள், இன்றைய வேலை முடிந்தது’ என்று ஆப் பல்லைக் காட்டுகிறது. வாட்ஸ்அப்பில் சேரும் குட்மார்னிங் படங்களைத் துடைப்பதுபோல் அம்மா பொறுமையாக உட்கார்ந்து எல்லாவற்றையும் துடைத்து வைத்திருக்கிறார். அத்தனைக்கும் ‘ஈஸி’. எல்லாம் பரீட்சை முடிந்த பிறகுதான் இனி முகம் காட்டும்.

நான் அழுதேன். கோபமில்லை, பயம். எது எனக்குத் தெரியாது என்பதை அந்த ஆப் ஒன்றுதான் ஞாபகம் வைத்திருந்தது. ஒவ்வொன்றாகத் தேடி இழுத்துவர ஒரு வாரம் ஆனது. அந்த வாரம் முழுக்க அம்மா பக்கத்தில் உட்கார்ந்து கேள்விகளை எழுத்துக்கூட்டி வாசித்தார். நான் சரியாகச் சொன்னாலும், எதற்கும் இருக்கட்டும் என்று ‘அகெய்ன்’தான் அழுத்துவார். ஆனால் முதல் நாள், நான் அழுததைப் பார்த்து அவர் சொன்னது இவ்வளவுதான்:

“மூணு பட்டன்ல அதுதான் பார்க்க நல்லா இருந்துச்சு. நீ படுற பாடு போதும்னுதான்மா அழுத்தினேன்.”

மூணு மாசம்

பரீட்சை எழுதினேன், தேறினேன், நேர்காணலுக்கும் போய் உளறிவிட்டு வந்தேன். பிறகு ஒரு சனிக்கிழமை, கவுண்டரில் கூட்டம் நெரியும்போது மின்னஞ்சல் வந்தது. இடம் கிடைத்துவிட்டது. அடுத்தவர் பெயருக்குப் பதில் என் பெயரையே கூப்பிட்டுவிட்டேன். வெளியே எட்டிப் பார்த்த டாக்டர் விஷயம் தெரிந்ததும், காத்திருந்த அத்தனை பேருக்கும் அறிவித்துவிட்டார். இருமிக்கொண்டிருந்தவர்கள்கூடக் கைதட்டினார்கள். எனக்குப் பெருமையில் என்ன செய்வதென்றே தெரியவில்லை.

டாக்டர் அறையிலிருந்து மங்களம் ஆண்ட்டி வந்தார். இந்த முறை சர்க்கரை அருமை, மூன்று மாதம் கழித்து வந்தால் போதும் என்று டாக்டரே எழுதியிருந்தார். நான் தேதியைப் பதியப் போனேன். ஆண்ட்டி கவுண்டருக்கு மேலே கையை நீட்டி என் விரல்களைப் பிடித்துக்கொண்டார்.

“மூணு மாசம்லாம் வேணாம்லா. எனக்கு அகெய்ன் போடு. மூணு மாசம் கழிச்சு வந்தா நீ இங்க இருக்க மாட்ட.”

சர்க்கரை அருமையாக இருந்த ஒருவரை அடுத்த வாரமே வரச் சொல்லித் தேதி போட்டதுதான், டாக்டராவதற்கு முன்பே நான் செய்த முதல் தப்பான வைத்தியம்.