கொலுப் படிக்குக் கீழே ஒரு சுரங்கம்

பத்து வயதில் நான் ஒரு கிராமத்தைக் காலி செய்தேன். அதற்காக எனக்கு எவர்சில்வர் கிண்ணம் ஒன்று பரிசாகக் கொடுத்தார்கள். இதில் வெட்கக்கேடு என்னவென்றால், கிண்ணம் இன்னும் என் சமையலறையில்தான் இருக்கிறது. கல்லுப்பு போட்டு வைத்திருக்கிறேன்.

மயிலாப்பூரில் எங்கள் தெரு மாதர் சங்கம் நவராத்திரிக்குக் கொலுப் போட்டி நடத்தும். படிகளில் பொம்மை அடுக்குவது பெரியவர்கள் பாடு. படிக்குக் கீழே தரையில் மண்ணைக் கொட்டி 'பார்க்' கட்டுவது பிள்ளைகள் பாடு. எல்லா வீட்டிலும் ஒரே பார்க்தான்: முளைவிட்ட கடுகில் புல்வெளி, கண்ணாடித் துண்டில் குளம், குளத்தைவிடப் பெரிய வாத்து. இரண்டு வருடமாகத் தொடர்ந்து எதிர்வீட்டுப் பெண்தான் ஜெயித்துக்கொண்டிருந்தாள். அவளை வீழ்த்த வேண்டுமென்றால் வாத்து போதாது என்று எனக்குப் புரிந்துவிட்டது.

அந்த வருடம் நான் கையில் எடுத்தது திறந்தவெளி நிலக்கரிச் சுரங்கம். காரணம் என் சித்தப்பா. அரசாங்கச் சுரங்கம் ஒன்றில், நிலம் எடுக்கும் பிரிவில் அதிகாரியாக இருந்தார். எங்கள் குடும்பத்தில் அவர் பெயரைச் சொல்லும்போது எல்லோருடைய குரலும் தானாக ஒரு கட்டை ஏறும். நாங்கள் போடும் ஒவ்வொரு சுவிட்சுக்கும் பின்னால் அவர்தான் நிற்கிறார் என்பது போல அப்பா பேசுவார். சரஸ்வதி பூஜையன்று வருவதாகச் சித்தப்பா கடிதம் போட்டிருந்தார்.

தெருமுனையில் வீடு கட்டிக்கொண்டிருந்தவர்களிடம் மணல் வாங்கினேன். இஸ்திரி போடுகிறவரிடம் ஒரு பை கரி. மண் வாரும் ராட்சச இயந்திரத்துக்கு ஐஸ் குச்சிகளும் சோடா மூடிகளும். நிலக்கரி போகும் பட்டைக்கு அம்மாவின் பாட்டு வகுப்புக் கேசட்டிலிருந்து நாடாவை உருவினேன். வழக்கமான கிராமத்துச் செட்டில் ஏழு மண் வீடுகள் இருந்தன. அவற்றை ஓரமாகத் தள்ளிவிட்டு நடுவில் குழி தோண்டி, சுற்றிலும் சீரியல் விளக்கு கட்டினேன். பார்க்கப் பிரமாதமாக இருந்தது.

அதில் குறை சொன்ன ஒரே ஆள் அஞ்சலை.

அஞ்சலை எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்த்தவர். என்னைவிட முப்பது வயதாவது மூத்தவர். நான் பேர் சொல்லித்தான் கூப்பிடுவேன். அதில் தப்பு இருக்கிறது என்று அன்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. கால்வாய்க் கரைக் குடிசையிலிருந்து தினமும் நடந்து வருவார். அவருடைய ஊர் சித்தப்பாவின் சுரங்கத்துக்குள் போய்விட்டது என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். குழாயில் எத்தனை மணிக்குத் தண்ணீர் வரும் என்று தெரிந்திருப்பதைப் போல.

கூடத்து வாசலில் ஈரக் கையோடு நின்று என் சுரங்கத்தைப் பார்த்தார்.

"குளத்த எடுத்துடு பாப்பா."

"ஏன்? அழகா இருக்கே."

"குழி தோண்டறதுக்கு முன்னாடியே தண்ணிய உறிஞ்சிடுவாங்க. எங்க கெணறு வத்தின பெறகுதான் நோட்டீஸே வந்துச்சு."

கண்ணாடியை எடுத்தேன். உடனே சுரங்கத்துக்கு ஒரு களை வந்துவிட்டது. அன்றிலிருந்து அஞ்சலைதான் எனக்குத் தலைமைப் பொறியாளர். தோண்டிய மண்ணைக் கோபுரம் உயரத்துக்குக் கொட்டுவார்கள், மழை பெய்தால் அது வழிந்து வயலில் இறங்கும் என்றார். நான் மேட்டைத் தூக்கிக் கட்டி அடிவாரத்தில் சாம்பல் கரைத்து ஊற்றினேன். காயப்போட்ட துணியெல்லாம் கறுத்துப்போகும் என்றார்; கொடி கட்டிக் கரித்தூள் தூவினேன். ஊர்ச் சாமியை லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள் என்றார். பிள்ளையாரைப் பொம்மை லாரியில் வைத்துக் கட்டினேன். அதை மட்டும் அம்மா இறக்கிவிட்டாள்.

"ஊட்டுச் செவுத்துல நம்பர் போடுவாங்க. செவப்பு பெயிண்ட்டுல. நம்பர் போட்டா அந்த ஊடு கணக்குல வந்துடுச்சின்னு அர்த்தம்."

"உங்க வீடு என்ன நம்பர்?"

"நாப்பத்தி மூணு."

என்னிடம் இருந்தது ஏழே வீடு. ஆகவே பெருந்தன்மையாக அவருக்கு மூன்றாம் நம்பரை ஒதுக்கி, அக்காவின் நகப்பூச்சால் எழுதினேன். அவர் குனிந்து அந்த வீட்டையே கொஞ்ச நேரம் பார்த்தார். நன்றாக இருக்கிறது என்று பார்க்கிறார் போலும் என்று நினைத்துக்கொண்டேன்.

இவ்வளவுக்கும் பதிலாக அவர் கேட்டது ஒன்றுதான். நிலம் கொடுத்த வீட்டில் ஒருவருக்கு வேலை என்று சொல்லியிருந்தார்களாம். மகனுக்காக மூன்று மனு போட்டும் பதில் இல்லை. அந்த மாதத்தோடு மனு வாங்குவதை நிறுத்துகிறார்கள். அம்மாவிடம் சொல்லிப் பார்த்தார். "ஆத்துக்கு வர்ற மனுஷர்கிட்ட ஆபீஸ் விஷயத்தை எப்படி எடுக்கறது அஞ்சலை?" என்று அம்மா நழுவிவிட்டாள். மிச்சமிருந்தது நான்.

"சித்தப்பா இத்தப் பாத்துட்டு யாரு சொல்லிக் குடுத்தான்னு கேப்பாரு பாப்பா. அஞ்சலைன்னு மட்டும் சொல்லு. மீதிய நான் பேசிக்கிறேன்."

சரி என்று தலையாட்டினேன். இதில் என்ன பிரமாதம்?

சரஸ்வதி பூஜையன்று சித்தப்பா ஜீப்பில் வந்து இறங்கினார். வாசலில் டிரைவர் இஞ்சினைக்கூட அணைக்கவில்லை. கையில் சுண்டலோடு சித்தப்பா சுரங்கத்தின் முன் குந்தி உட்கார்ந்தார். வறண்ட குளத்தைப் பார்த்தார், மண் மேட்டைப் பார்த்தார், நம்பர் போட்ட வீடுகளைப் பார்த்தார். சுண்டல் மெல்லுவதை நிறுத்திவிட்டார்.

"பேஷ்! இதெல்லாம் எங்க ஆபீஸ்லயே பாதி பேருக்குத் தெரியாது. யாருடி உனக்குச் சொல்லிக் குடுத்தா?"

சமையலறை வாசலில் அஞ்சலை நின்றுகொண்டிருந்தார். அன்று தலைவாரிப் பூ வைத்திருந்தார். நாலாய் மடித்த மனு இடுப்பில் இருந்தது. கூப்பிடாமல் கூடத்துக்குள் அவர் வந்ததே இல்லை. அன்று ஒரு கால் மட்டும் வாசற்படியைத் தாண்டி உள்ளே வந்தது.

கூடத்தில் அப்பா, அம்மா, அக்கா, மாதர் சங்கத் தலைவி, போதாக்குறைக்கு எதிர்வீட்டுப் பெண்.

"யாரும் இல்ல சித்தப்பா. நானேதான் யோசிச்சேன்."

எல்லோரும் கைதட்டினார்கள். சித்தப்பா என் தலையைத் தடவி, இவள் பெரிய இஞ்சினீயராக வருவாள் என்றார். (ஆகவில்லை. வாரப் பத்திரிகைகளுக்கு நகைச்சுவை எழுதுகிறேன். கிட்டத்தட்ட அதே வேலைதான். அடுத்தவர்கள் சொன்னதை நான் யோசித்ததாகச் சொல்ல வேண்டும்.) நான் திரும்பிப் பார்த்தபோது வாசற்படியில் கால் இல்லை. பின்கட்டில் பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது. ஜீப் ஹாரன் அடித்தது. சித்தப்பா காப்பியைப் பாதியில் வைத்துவிட்டுக் கிளம்பினார்.

அந்த மாதம் முடிந்தது. அஞ்சலையின் மகன் கிண்டி தொழிற்பேட்டையில் மூட்டை தூக்கப் போனான் என்று பிறகு கேள்விப்பட்டேன். சித்தப்பாவின் சுரங்கம் அடுத்த ஊருக்கும் போயிற்று. எங்கள் வீட்டில் விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. அஞ்சலை அந்தப் பேச்சை மறுபடி எடுக்கவே இல்லை. திட்டியிருந்தால் எனக்கு அன்றே விளங்கியிருக்கும். அவர் கோபப்படாததால் நான் தப்பு எதுவும் செய்யவில்லை என்றுதான் வெகு நாள் நம்பிக்கொண்டிருந்தேன்.

முழுக்க அப்படிச் சொல்லிவிடவும் முடியாது. கொலு எடுத்த நாள் காலையில் என்னவோ உறுத்தியது. பொம்மைகளைப் பழைய வேட்டியில் சுற்றிப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தாள் அம்மா. நான் குழியில் மண்ணைத் தள்ளி மூடினேன். கண்ணாடிக் குளத்தைத் துடைத்துப் பழைய இடத்தில் பதித்தேன். ஏழு வீடுகளையும் நடுவில் வரிசையாக வைத்தேன். மூன்றாம் நம்பரை மட்டும் குளத்துக்குப் பக்கத்தில், நல்ல இடமாகப் பார்த்து.

துடைப்பத்தோடு வந்தார் அஞ்சலை.

"அஞ்சலை, இங்க பாரு, உன் ஊரு திரும்பி வந்தாச்சு!"

அவர் பார்த்தார். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு குனிந்தார்.

"ஊரக் கொஞ்சம் நவுத்திக்க பாப்பா. அந்த எடத்தக் கூட்டணும்."