உணவு வவுச்சரில் ஒரு முப்பத்தோராம் நாள்

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. நியூசிலாந்தின் ஓக்லாந்தில் மழையும் குளிருமான ஜூலை மாதம். லின்ஃபீல்டில் ஒரு சிறிய வாடகை வீட்டில் நானும் மனைவியும் இரண்டு பிள்ளைகளும் இருந்தோம். மனுகாவில் நான் வேலை செய்த பண்டகசாலையை மூடிவிட்டார்கள். அடுத்த வேலை கிடைக்கும்வரை அரசாங்கக் கொடுப்பனவுதான். அது வாடகைக்கும் மின்சாரத்துக்குமே சரியாகிவிடும்.

அந்த நேரத்தில்தான் அம்மா இறந்த செய்தி வந்தது. மன்னாரிலிருந்து இடம்பெயர்ந்து அகதி முகாமில் இருந்தவர். முகாமிலிருந்து ஒருவர் கொழும்புக்கு வந்து என் அக்காவிடம் சொல்லி, அக்கா எங்களுக்குத் தொலைபேசியில் சொன்னபோது, அடக்கம் முடிந்து மூன்று கிழமைக்கு மேலாகியிருந்தது. அழுவதற்குக்கூட நான் பிந்திவிட்டேன் என்று தோன்றியது. செய்வதற்கு மிஞ்சியிருந்தது முப்பத்தோராம் நாள் மட்டும். அது வருகிற சனிக்கிழமை. எங்கள் ஊர்க் கத்தோலிக்கக் குடும்பங்களில் அன்று செபம் சொல்லி, இறந்தவர் பெயரால் நாலு பேரை இருத்திச் சோறு போடுவோம். கடைசியாக ஒருமுறை முகம் பார்க்கவில்லை, ஒரு பிடி மண் போடவில்லை. அந்தச் சோற்றையாவது போட வேண்டும் என்று மனம் கிடந்து தவித்தது.

நாலு பேரை இருத்த வீட்டில் ஒன்றும் இல்லை. கொடுப்பனவு அலுவலகத்தில் கேட்டேன். ஓர் உணவு வவுச்சர் தந்தார்கள். ஒரு குறிப்பிட்ட சூப்பர் மார்க்கெட்டில் மட்டும் செல்லும். உணவு வாங்கலாம். மதுவும் சிகரெட்டும் கூடாது. சாப்பாட்டுச் சாமான் அல்லாத எதுவும் கூடாது.

இப்படியான ஒழுங்குகள் எனக்குப் புதியவை அல்ல. ஊரில் நான் கச்சேரி என்கிற அரசாங்கச் செயலகத்தில் எழுதுவினைஞனாக இருந்தவன். இடம்பெயர்ந்த சனங்களுக்கு நிவாரண அட்டை எழுதிக் கொடுத்தவன். அட்டையில் பெயர் இல்லாதவருக்கு அந்த அரிசி இல்லை என்பது அங்கே சட்டம். அந்தப் பழக்கத்தில்தான் சந்தேகம் வந்தது. இந்த வவுச்சர் என் வீட்டுப் பசிக்கு என்று தந்தது. இதில் வாங்கி வெளி ஆட்களுக்குச் சோறு போடலாமா? கை நீட்டி வாங்கியதை அம்மா பெயரால் கொடுத்தால் அது கொடுத்ததாகுமா?

உடுப்பு மடித்துக்கொண்டிருந்த மனைவியிடம் இதைச் சொன்னேன்.

"இஞ்சருங்கோ, மாமி முகாமில நிவாரண அரிசியில கஞ்சி காய்ச்சிப் பக்கத்துக் கொட்டில் ஆக்களுக்கும் ஊத்தினவ எண்டு உங்கட அக்கா சொன்னவ தானே? மாமி ஆரிட்டப் போய் உத்தரவு கேட்டவ?"

"அம்மா கேக்க மாட்டா. நான் கேப்பன்."

"ஓம், போய்க் கேளுங்கோ. கச்சேரி ஓக்லாந்துக்கும் வந்திட்டுது."

அடுத்த நாள் போய்க் கேட்டேன். மேசைக்கு அந்தப் பக்கம் என் வயதுடைய, அந்த நாட்டுப் பூர்வகுடியான ஒரு மாவோரிப் பெண் இருந்தார். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் அம்மாவையும் முப்பத்தோராம் நாளையும் சோற்றையும் விளக்கினேன். அவர் வவுச்சரை வாங்கி முன்னும் பின்னும் வாசித்தார்.

"என்ன வாங்கலாம் என்றுதான் இதில் எழுதியிருக்கிறது. யார் சாப்பிடலாம் என்று எழுதவில்லையே" என்றார்.

பிறகு அம்மாவின் பெயரைக் கேட்டார். சொன்னேன். நாக்குத் திருந்தும்வரை திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தார். தங்கள் ஆட்களும் சாவுக்கு வந்தவர்களைச் சாப்பிடாமல் அனுப்புவதில்லை, போய்ச் சமையுங்கள் என்றார். இந்த நாட்டில் அந்த மாதம் எங்கள் வீட்டுக்கு வெளியே அம்மாவின் பெயர் ஒலித்தது அந்த மேசையில் மட்டும்தான். பஸ் தரிப்பிடத்தில் நின்று அழுதேன். மழை பெய்துகொண்டிருந்ததால் யாருக்கும் தெரிந்திராது.

வெள்ளிக்கிழமை சூப்பர் மார்க்கெட்டில் அரிசி, பருப்பு, கோழி, உருளைக்கிழங்கு, முட்டைக்கோவா, டின் தேங்காய்ப்பால் எல்லாம் எடுத்தோம். ஒரு பெட்டி மெழுகுதிரியும் வைத்திருந்தோம். காசாளராக இருந்த பெண்பிள்ளை அதை மட்டும் தனியே ஒதுக்கி, மன்னிப்புக் கேட்டாள். சரி, மெழுகுதிரி இல்லாமலே செபமாலை சொல்லலாம். ஆனால் கறித்தூளுக்கு என்ன செய்வது? அங்கே இருந்தது மஞ்சள் நிறத்தில் மணமில்லாத ஒரு தூள். நம் தூள் விற்கும் இந்தியக் கடையில் வவுச்சர் செல்லாது.

சனிக்கிழமை காலையில் மனைவி ஃப்ரீஸரின் அடியிலிருந்து ஒரு ஜாம் போத்தலை எடுத்து வைத்தாள். முகாமுக்குப் போவதற்கு முன்பு அம்மா தன் கையால் மல்லியும் மிளகாயும் வறுத்து இடித்து, ஒரு பங்குச் சுவாமியாரிடம் கொடுத்துக் கொழும்பு வழியாக எங்களுக்கு அனுப்பிய தூள். நல்ல நாள் பெருநாளுக்குக் கிள்ளிக் கிள்ளிப் போட்டு, அடியில் கொஞ்சம் மிஞ்சியிருந்தது.

அதைத் தொட வேண்டாம் என்றேன். அம்மாவின் கை பட்டதாக எங்களிடம் வேறு ஒன்றும் இல்லை.

"வச்சு என்ன செய்யப்போறியள்? மாமியின்ர தூளைக் கண்ணாடிப் பெட்டிக்குள்ள வச்சுக் கும்பிடவே? மாமியின்ர சோத்துக்கு மாமியின்ர தூளைப் போடாமல் ஆரின்ர தூளைப் போடுறது?"

அவள் போத்தலைக் கவிழ்த்து, அடியைத் தட்டி, கொஞ்சம் வெந்நீர் விட்டு அலசி அதையும் கறிக்குள் ஊற்றினாள். வீடு முழுவதும் அந்த மணம் எழும்பியது. நான் பின்கதவைத் திறக்கவிடவில்லை.

பக்கத்து வீட்டுத் தமிழ்நாட்டுத் தம்பதி வந்தார்கள். என்னோடு வேலை இழந்த சமோவா நண்பர்கள் இருவர் வந்தார்கள். செபம் முடிய இருத்திச் சோறு போட்டோம். சமோவாக்காரர்கள் உறைப்பில் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சாப்பிட்டார்கள். தமிழ்நாட்டுத் தம்பி தட்டை நீட்டினார்.

"அண்ணே, வெக்கத்த விட்டுக் கேக்குறேன். இன்னும் கொஞ்சம் சோறு, கொஞ்சம் கொழம்பு."

போட்டேன். அந்த மாதத்தில் என் கை ஒன்றை வாங்காமல் கொடுத்தது அப்போதுதான்.

அவருடைய மனைவி என் மனைவியிடம், "இந்தப் பொடி எந்தக் கடைல அண்ணி கெடைக்கும்?" என்று கேட்டாள்.

"அது மாமி இடிச்சு அனுப்பினது. இண்டையோட முடிஞ்சுது."

அந்தப் பெண் தட்டில் ஒட்டியிருந்ததை விரலால் வழித்து, ஒரு சொட்டும் விடாமல் சாப்பிட்டு முடித்தாள்.

இப்போது இந்த ஊரில் எல்லாத் தூளும் கிடைக்கிறது, வாங்கக் கையில் காசும் இருக்கிறது. அம்மாவின் கல்லறையை நான் இன்னும் பார்க்கவில்லை. ஆனாலும் யாராவது எங்கள் மேசையில் தட்டை நீட்டி மறுசோறு கேட்கும்போதெல்லாம், எங்கோ ஒரு முகாமில் பார்க்காமல் விட்ட அந்த முகத்துக்குக் கொஞ்சம் கிட்டப் போய் நிற்கிறேன்.