நாலாவது சனிக்கிழமை வாங்கிய சின்னக் கணினி

சியென் மாவ்குன் தைப்பேயில் ஒரு பஸ் கம்பெனியின் கணினி வலைப்பின்னலை இருபத்தாறு வருடமாகக் காவல் காத்து வருகிறவர். ஐம்பத்து நான்கு வயது. ஞாயிற்றுக்கிழமை போன் அடித்தால் மனைவி பெய்ஜென் யாரென்றுகூடப் பார்க்காமல் அவர் கையில் கொடுத்துவிடுவாள். ஊரார் பூட்டையெல்லாம் ஆட்டிப் பார்த்துவிட்டு வரும் மனிதருக்குச் சொந்த வீட்டுக் கதவைப் பார்க்கத் தெம்பு இருந்ததில்லை.

அந்த வீட்டுக்குத்தான் இணைய நிறுவனத்திலிருந்து கடிதம் வந்தது. உங்கள் வீட்டிலுள்ள ஏதோ ஒரு கருவி வெளியே இருக்கும் கணினிகளைத் தாக்குகிறது, மாத முடிவுக்குள் நிறுத்தாவிட்டால் இணைப்பைத் துண்டிப்போம் என்று எழுதியிருந்தது. பெய்ஜென் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு இணையத்தில் ஜப்பானிய மொழி சொல்லிக்கொடுக்கிறவள். இணைப்பு போனால் அவள் பிழைப்பும் போயிற்று.

குற்றவாளி யார் என்பதில் இருவருக்கும் சந்தேகமே இல்லை. மாவ்குன்னுடைய அப்பாவின் டிவிக்குக் கீழே இருக்கும் கறுப்புப் பெட்டிதான். பக்கவாதத்தில் இடது பக்கம் விழுந்து இரண்டு வருடமாகப் படுக்கையில் இருக்கும் அப்பாவுக்கு அவருடைய பழைய சிநேகிதர் வாங்கிவந்து கொடுத்தது, காசு கட்டாமல் திருட்டுத்தனமாகச் சானல் காட்டும் பெட்டி. ஊர்ப்பட்ட சானல் வரும். அப்பா பார்ப்பதென்னவோ பொம்மலாட்டம் மட்டும்தான். அவர் கட்டிலிலிருந்து சரிந்துவிட்டால் பெய்ஜெனுக்கு போன் போட வசதியாக, மாவ்குன் கட்டிலுக்கு மேலே ஒரு சின்ன கேமராவை மாட்டி ஆபீஸிலிருந்தே ஒரு கண் வைத்திருந்தார்.

"பிடுங்கி எறியேன். இதுக்குப் போய் ஒரு கணினி வாங்கணுமா?" என்றாள் பெய்ஜென்.

"ஆதாரம் இல்லாம அவர்கிட்ட என்னன்னு சொல்ல? அவருக்குன்னு மிச்சம் இருக்கறது அது ஒண்ணுதானே."

உள்ளங்கை அளவில் ஒரே சர்க்யூட் பலகையாக இருக்கும் சின்னக் கணினி ஒன்றை வாங்கி, வீட்டுக்குள் வரும் வயருக்கும் மற்றக் கருவிகளுக்கும் நடுவே உட்கார வைத்தால், எது யாரோடு பேசுகிறது என்று பட்டியல் போட்டுவிடும். அதற்காக குவாங்ஹுவா மின்னணுப் பொருள் சந்தைக்கு மூன்று சனிக்கிழமை நடந்தார். ஒவ்வொரு தடவையும் ஒரு காரணம் சொல்லி வெறுங்கையோடு திரும்பினார். வாங்காதவரை அப்பாவின் பெட்டியைத் தொட வேண்டியதில்லை என்பதுதான் உண்மைக் காரணம். அது அவருக்கும் தெரியும். நாலாவது சனிக்கிழமையும் அதே கடைக்குப் போனார்.

"வாங்க அண்ணே! பொண்ணு பாக்க வர்றவன்கூட மூணாவது தடவை ஏதாவது பதில் சொல்லிடுவான்," என்றாள் கடைக்கார ஜோவ் அக்கா, சாப்பாட்டுப் பெட்டியை ஓரமாகத் தள்ளிவைத்துவிட்டு.

"திங்கட்கிழமை கெடு முடியுது. இன்னைக்கு வாங்கிடறேன்."

"அப்போ இதை எடுங்க. எல்லாரும் வாங்கறது இதைத்தான். எந்தச் சந்தேகம்னாலும் பதில் சொல்ல ஆயிரம் பேர் இருக்கான்."

"வயர் சொருக ஒரே ஒரு துளைதானே இருக்கு? ஒரு பக்கம் வாங்கி இன்னொரு பக்கம் விட எனக்கு ரெண்டு வேணும். மெமரி கார்டுல ஓடறதும் வேண்டாம். ராத்திரி பகலா குறிப்பு எழுதி எழுதி அது சீக்கிரம் செத்துடும். விசிறியும் கூடாது. அப்பா தூங்கணும்."

"மூணு வாரமா என்கிட்ட கேட்டுக் கேட்டுப் போனவரு, இப்போ எனக்கே பாடம் எடுக்கறாரு!" என்று சிரித்தபடி, அதிகம் பேர் வாங்காத இன்னொரு பலகையை எடுத்து வைத்தாள். இரண்டு துளை, பலகையிலேயே பதித்த சேமிப்பு, சூட்டை வாங்கிக்கொள்ளும் அலுமினியக் கூடு. விசிறி இல்லை. மாவ்குன் மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொண்டார். அவருக்குச் சலித்துப்போயிருந்தது.

ஞாயிறு காலை அதைப் பொருத்திவிட்டு, சோயாப்பால் ஆறிப்போகும்வரை திரையின் முன் உட்கார்ந்திருந்தார். கறுப்புப் பெட்டி பொம்மலாட்டத்தை வாங்கிக்கொண்டு சும்மா இருந்தது. அப்பா டிவியை அணைத்ததும் அதுவும் அடங்கியது. பட்டியலில் வேறொரு பெயர் நிமிடத்துக்கு ஆயிரம் தடவை, எங்கெங்கோ இருக்கும் முகவரிகளின் கதவை இடித்துக்கொண்டிருந்தது. கேமரா.

அவரே வாங்கிய கேமரா. கடவுச்சொல்லை மாற்றுங்கள் மாற்றுங்கள் என்று பஸ் கம்பெனியில் எல்லாரையும் கரித்துக்கொட்டுகிறவர், கேமராவை அட்டைப்பெட்டியிலிருந்து எடுத்தபடியே, அதோடு வந்த கடவுச்சொல்லோடு மாட்டியிருந்தார். அப்பாவுக்கு உடை மாற்றுவதையும் துடைத்துவிடுவதையும் யார் யார் பார்த்தார்களோ.

திருப்புளியை எடுத்துக்கொண்டு போய்க் கட்டில் மேல் ஏறி கேமராவைக் கழற்றினார்.

"ஏன்டா கழட்டற?" அப்பாவின் வார்த்தைகள் குழறித்தான் வரும்.

"கெட்டுப்போச்சுப்பா."

"அப்போ மத்தியானம் நான் உன்கிட்ட எப்படிப் பேசறது?"

மாவ்குன்னுக்கு முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது. கேமராவில் ஒலியும் வரும். பக்கத்து மேஜைக்காரருக்குத் தொந்தரவாக இருக்கும் என்று முதல் நாளே ஆபீஸில் அதை அணைத்தவர், பிறகு திறக்கவே இல்லை. அப்பாவின் வாய் அசைவதை எத்தனையோ மத்தியானம் பார்த்திருக்கிறார். எதையோ மெல்லுகிறார் என்று நினைத்துக்கொண்டு வேலைக்குத் திரும்பியிருக்கிறார்.

அவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். "என்னப்பா பேசுவீங்க? இப்போ சொல்லுங்க."

அப்பா வலது கையால் போர்வையை இழுத்துக்கொண்டார்.

"இன்னும் என்ன இருக்கு? அம்மாவைப் பத்தி, வீட்டைப் பத்தி, நான் போனா என்ன பண்ணணும்னு... எல்லாத்தையும்தான் அன்னன்னிக்கே சொல்லிட்டேனே."